பஞ்சதந்திரம் தந்த தாண்டவராய முதலியார்

விலங்குகளைப் பேசவைத்து மாந்தர்க்கு அறிவு புகட்டும் வழக்கம் நம் நாட்டில் மிகப் பழமையானது. வடமொழியில் எழுந்த பஞ்சதந்திரம் அவ்வகை நூல்களுள் தலைசிறந்தது. அதனைத் தமிழ் வசனத்தில் ஆக்கித் தந்த பெரியார் தாண்டவராய முதலியார் ஆவர்.

தொண்டைநாட்டிற் பிறந்த இவர், இலக்கண இலக்கியங்களைத் துறைபோகக் கற்றவர். 1812-ஆம் ஆண்டில் எல்லிஸ் துரையின் முயற்சியாற் சென்னையிற் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றிற்று. கும்பினியாரின் உத்தியோகத்திற்கு வந்த ஆங்கில இளைஞர்க்கு இந்நாட்டு மொழிகளைக் கற்பிப்பதே அதன் நோக்கம். அங்கே முதலியார் தலைமைத் தமிழ்ப் புலவராய் விளங்கினார். வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதியை, இராமச்சந்திர கவிராயருடன் கூடிப் பரிசோதித்து, 1824-ஆம் ஆண்டில் அச்சேற்றுவித்தார்.

அக்காலப் புலவர் செய்யுளையே பெரிதும் போற்றினர். உரைநடை இளம் பயிராய் இருந்தது. ஆயினும், புதிதாய்த் தமிழ் பயில்வோர்க்குச் செய்யுள் எளிதில் எட்டாதன்றோ? ஆதலின் முதலியார், மராட்டிய மொழியிலிருந்த பஞ்சதந்திரத்தைத் தமிழ் வசனமாக மொழிபெயர்த்தார். அந்நூல் 1826-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அந்நூலின் முதற் பகுதியாகிய மித்திரபேதத்தில், சிங்கவரசனும் சஞ்சீவகன் என்னும் எருதும் உயிர்த்தோழராய் வாழ்கின்றனர். தமனகன் என்னும் நரி, சிங்கத்தினிடம் எருதைப் பற்றியும், எருதினிடம் சிங்கத்தைப் பற்றியும் கோள் சொல்கின்றது. அதன் பேச்சில் எப்பொழுதும் பணிவும் அன்பும் மேலோங்கி நிற்கும். ஈற்றில், சிங்கம் தன் நண்பனையே கொன்று, பின்னர் வருந்துகின்றது. பிறிதொரு கதையில், விருந்துக்கென்று இன்சொற் கூறி அழைத்த முதலை, நடுநீரிலேதான் தன் உட்கருத்தை வெளியிடுகின்றது. குரங்கோ, தன் ஈரலை மரத்தில் வைத்து வந்ததாக உரைத்துக் கரை சேர்ந்து உயிர் தப்புகின்றது.

இக்கதைகளை முதலிற் பாடமாகக் கொண்டவர் யாவர் என்று எண்ணிப் பார்த்தல் தகும். நாளை ஒரு சீமையை ஆளப்போகும் இளைஞர் அவர். அதிகாரம் உள்ள இடத்தைத் தமனகர் சூழ்வது இயல்பு. மொழி கற்பிக்க எடுத்த நூலே, முகத்துதிக்கு மயங்குவோர் கெடுவர் என்னும் பாடத்தையும் உடன் கற்பித்தது. பின்னர் அது தமிழ்ப் பிள்ளைகளின் கைக்கும் வந்தது. சிங்கத்தையோ முதலையையோ கண்டறியாத, போடிநாயக்கனூர் ஏலமலைச் சரிவில் வாழும் சிறுவனுக்கும் இக்கதை விளங்கும். ஏனெனில், தமனகனை அவன் மனிதருள் காண்பான்.

கதாமஞ்சரி, இலக்கண வினாவிடை முதலியனவும் முதலியாரின் நூல்களே. எனினும், அவர் புகழை இன்றும் நிலைநிறுத்துவது பஞ்சதந்திரமே. அரும்புலமை பெற்றிருந்தும், கற்போர் தரமறிந்து எளிமைக்கு இறங்கி வந்தமையே அவர் பெருமை. மாணாக்கர்காள்! நாளை உத்தியோகமும் செல்வாக்கும் உங்களை வந்தடையும். அன்று உங்களைப் புகழ்வோர் பலர் இருப்பர். அவருட் சஞ்சீவகன் யாவன், தமனகன் யாவன் என்று தெளிதலே, முதலியாரின் உழைப்புக்கு நீங்கள் செய்யும் கைம்மாறாகும்.