அட்மிரல் ஆன சரக்குக் கப்பல் கேப்டன்

எஸ்டோனியா எங்க இருக்குன்னு கேட்டா நம்மில் பாதிப் பேர் மேப்பைத் தேடுவோம். பால்டிக் கடலோரம், பின்லாந்துக்கு நேர் தெற்கே. அந்தக் குட்டி நாட்டுக்குக் கடற்படையை உருவாக்கின யோஹான் பிட்கா, போர்க்கப்பல் அதிகாரியா இருந்தவரே இல்லை. 1872-ல் பிறந்து, கப்பலோட்டப் படிச்சு, சரக்குக் கப்பல் கேப்டன் ஆனவர். சில வருஷம் இங்கிலாந்தில் குடும்பத்தோட இருந்துட்டு, 1911-ல் தாலின் நகருக்குத் திரும்பி வியாபாரம் பார்த்தார்.

1918 பிப்ரவரி 24-ல் எஸ்டோனியா சுதந்திரம் அறிவிச்சது. மறுநாளே ஜெர்மன் படை தாலினுக்குள்ள வந்துடுச்சு. நவம்பர்ல போரில் தோத்து அவங்க கிளம்ப ஆரம்பிச்சதும், கிழக்கு எல்லையில் இருக்கிற நார்வாவை செம்படை பிடிச்சது. அடுத்த ஜனவரி தொடக்கத்தில் அவங்க தாலினுக்கு 40 கிலோமீட்டருக்கும் உள்ள வந்துட்டாங்க.

பிட்கா கையில் என்ன கிடைச்சதோ அதை வச்சு வேலையை ஆரம்பிச்சார். சரக்கு வேகன்களுக்கு மரத்தையும் மணலையும் கவசமா வச்சு, பீரங்கி ஏத்தி, கவச ரயில் தயாராச்சு. (நம்ம மெக்கானிக்கல் பசங்க இதுக்கு ஒரு ராயல் சல்யூட் அடிக்கலாம்.) கப்பலும் அப்படித்தான். டிசம்பர் கடைசியில் பிரிட்டிஷ் கடற்படை ரெண்டு ரஷ்ய டெஸ்ட்ராயர்களைப் பிடிச்சு எஸ்டோனியாவுக்குக் கொடுத்துச்சு. வாம்போலா, லென்னுக்னு புதுப் பேர் வச்சாங்க.

ரயில் பாதை வழியா எஸ்டோனியப் படை கிழக்கே முன்னேறிச்சு. ஆனா முன்பக்கம் இருந்து மட்டும் தள்ளினா எதிரி பின்வாங்கிப் போய் நார்வாவில் மறுபடி நின்னுடுவான். அதனால அவனுக்குப் பின்பக்கம், கடல் வழியா இறங்கத் திட்டம். ஜனவரி 17-ல் பிட்காவோட கப்பல்கள் நார்வாவுக்கு மேற்கே இருக்கிற உட்ரியா கரைக்குப் போச்சு. சுமார் 1000 பேர். அதுல பெரும்பகுதி பின்லாந்துத் தன்னார்வலர்கள். அங்க துறைமுகம் கிடையாது, வெறும் கடற்கரைதான். நடுக்குளிர்கால பால்டிக்ல ஆளையும் துப்பாக்கியையும் கரை சேர்க்கிறதே தனிப் போர். இறங்கினவங்க நேரா நார்வா பக்கம் நடந்தாங்க. பின்னாடி ஆள் வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் செம்படை வரிசை கலைஞ்சது. 19-ஆம் தேதிக்குள்ள நார்வா எஸ்டோனியா கையில்.

அடுத்த வருஷம் சமாதான ஒப்பந்தம். பிட்காவுக்கு அட்மிரல் பதவி, பிரிட்டிஷ் அரசர்கிட்ட இருந்து சர் பட்டம். அதுக்கப்புறம் அரசியல்ல இறங்கினார், அது அவருக்கு ஒத்து வரலை. 1924-ல் குடும்பத்தோட கனடா போய் விவசாயம் பண்ணிப் பார்த்தார். அதுவும் சரிப்படலை, 1930-ல் ஊர் திரும்பிட்டார்.

1940-ல் சோவியத் படை எஸ்டோனியாவைப் பிடிச்சப்போ பிட்கா பின்லாந்துக்குத் தப்பிட்டார். ஊரில் இருந்த அவரோட மூணு மகன்களையும் கைது பண்ணாங்க. யாரும் உயிரோட திரும்பலை.

1944-ல் பிட்கா திரும்பி வந்தார். ஜெர்மன் படை கிளம்புது, செம்படை மறுபடி வருது. 1918-ல் பார்த்த அதே நிலைமை. இந்த முறை கப்பல் இல்லை, உதவிக்கு வெளிநாடும் இல்லை. 72 வயசில் கொஞ்சம் ஆட்களைத் திரட்டி செப்டம்பர்ல தாலினைக் காக்க நின்னார். அந்த மாசக் கடைசியில் காணாமப் போனார். சண்டையில் செத்தார்னு சிலர், படகில் தப்பிக்கும்போது கடலில் போயிட்டார்னு சிலர். உடல் இன்னிக்கு வரைக்கும் கிடைக்கலை.