பூண்டி நீர்த்தேக்கமும் சத்தியமூர்த்தியும்

சென்னை மாநகரத்தார்க்கு வற்றாத ஆறு ஒன்றும் வாய்த்திலது. நகரின் வடமேற்கே ஓடும் கொசஸ்தலையாறும் மழைக்காலத்து மட்டுமே பெருக்கெடுத்து, எண்ணூர்க் கழிமுகத்திற் கடலோடு கலந்துவிடும். 1866-ஆம் ஆண்டு பிரேசர் என்னும் பொறியியலார் வகுத்த திட்டப்படி, தாமரைப்பாக்கத்தில் ஓர் அணை எழுப்பி, இவ்வாற்று நீரைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து செங்குன்றம் ஏரிக்கும் திருப்பினர். கிணறுகளையே நம்பியிருந்த நகரம் 1872 முதல் செங்குன்றத்து நீரைப் பருகத் தொடங்கிற்று. ஆயினும் மக்கள்தொகை பெருகப் பெருக அவ்வேரிகள் போதாவாயின. மழை பொய்த்த ஆண்டுகளில் நகரம் தவித்தது. பெய்த ஆண்டுகளிலோ வெள்ளம் வீணே கடல் புகுந்தது.

இக்குறையைத் தீர்க்க முன்னின்றவர் தீரர் சத்தியமூர்த்தி. அவர் 1887-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19-ஆம் நாள் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள திருமயத்தில் தோன்றினார். தந்தையாரை இளமையிலேயே இழந்தார். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலும், பின்னர்ச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்று, சட்டமும் கற்று வழக்கறிஞரானார். நம்மைப் போல மிஷன் கல்லூரி வகுப்பறையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவரே அவர் என்பதை எண்ணுங்கால் நமக்கு ஒரு நெருக்கம் உண்டாகின்றது.

அவர்தம் பெருஞ்செல்வம் நாவன்மை. 1919-ல் காங்கிரஸ் தூதுக்குழுவில் ஒருவராய் இங்கிலாந்து சென்றார். சென்னைச் சட்டசபையிலும், 1935 முதல் டில்லி மத்திய சட்டசபையிலும் ஆட்சியாளரை வினாக்களால் திணறச் செய்தார். நாடகத்தில் பற்று மிக்கவர். தாமே வேடம் புனைந்து நடித்தவர். விருதுநகர்க் காமராசரை அரசியலில் வளர்த்தெடுத்தவரும் அவரே. ஆயினும் அவர் கொள்கைகள் யாவும் நாம் ஏற்கத் தக்கன அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க முற்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் புதுக்கோட்டையிற் பிறந்து, அதே மன்னர் கல்லூரியிற் பயின்றவரே. அவ்வம்மையாரது முயற்சியைச் சத்தியமூர்த்தி எதிர்த்து நின்றார். இதனை மறைத்து எழுதுதல் வரலாறு ஆகாது.

1939-ல் அவர் சென்னை நகர மேயரானார். அப்பதவி ஓராண்டிற்கே உரியது. நகரிலோ கடுந்தண்ணீர்ப் பஞ்சம். அவ்வாண்டு செப்டம்பரில் உலகப்போர் மூண்டது. அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை பதவி துறந்தது. ஆட்சி கவர்னர் கையிற் சென்றது. போர்ச்செலவில் மூழ்கிய அரசாங்கத்தாரை, அதுவும் தாம் அல்லும் பகலும் கண்டித்துவந்த அரசாங்கத்தாரை, அணை கட்ட இசைவிப்பது எளிதோ? அவர் விடாது வாதாடினார். திருவள்ளூருக்கு அருகே, கொசஸ்தலையாற்றின் குறுக்கே, நகரி ஆறு வந்து கூடுமிடத்தை ஒட்டிய பூண்டியில், தமது பதவிக்காலம் முடிவதற்குள்ளாகவே, 1940-ல், அடிக்கல் நாட்டச் செய்தார். வெள்ளத்தைப் பூண்டியில் தேக்கி, வேண்டும்போது ஆற்றின் வழியே தாமரைப்பாக்கத்திற்கு விடுத்து, ஏரிகளை நிரப்புவதே ஏற்பாடு.

அணை எழும்பிக்கொண்டிருந்தபோது, 1942 ஆகஸ்டுப் போராட்டத்தில், அதே அரசாங்கத்தார் அவரைச் சிறைப்படுத்தி, மத்திய மாகாணத்து அமராவதிச் சிறைக்கு அனுப்பினர். நெடிய பயணத்தில் முதுகெலும்பில் ஊறுபட்டார். உடல் தேறவில்லை. 1943 மார்ச்சு 28-ஆம் நாள், சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் ஆவி துறந்தார். வயது 55. மறு ஆண்டு, 1944-ல், ஏறக்குறைய 65 லட்சம் ரூபாய்ச் செலவில் அணை முற்றுப்பெற்றது. நீர் தேங்கி நிற்கும் காட்சியை அதற்கெனப் போராடியவர் காணவில்லை.

விடுமுறை நாளொன்றில் நாம் அக்கரைமீது நின்றபோது, மறுகரை கண்ணுக்கு மங்கலாகவே தோன்றிற்று. முதலில் 2,573 மில்லியன் கன அடி கொண்ட அத்தேக்கம், பின்னர் உயர்த்தப்பெற்று இன்று 3,231 மில்லியன் கன அடி கொள்ளும். சத்தியமூர்த்தி சாகரம் என்பது அதற்கு இட்ட பெயர். ஊரார் பூண்டி ஏரி என்றே சொல்லுகின்றனர். 1996 முதல் ஆந்திர நாட்டுக் கண்டலேறு அணையினின்று கால்வாய் வழியே வரும் கிருஷ்ணை நீரும் இங்கேதான் வந்து கலக்கின்றது.