ஸ்டார் வீரரா, பெஞ்ச் பையனா? கூடைப்பந்துப் பயிற்சியின் ‘தந்தை’ ஃபாக் ஆலனின் கதை!

ஒரே என்பிஏ போட்டியில் தனி ஆளாக 100 புள்ளிகள் எடுத்தவர் வில்ட் சேம்பர்லெய்ன். 1962-ல் அவர் படைத்த அந்த சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. அப்பேர்ப்பட்ட வீரரை, பள்ளிப் படிப்பு முடித்த கையோடு தன் கல்லூரி அணிக்கு அழைத்து வந்தார் ஒரு பயிற்சியாளர். ஆனா, கல்லூரியின் முதன்மை அணிக்காக சேம்பர்லெய்ன் ஆடிய ஒரு போட்டிக்குக்கூட அவரால் பயிற்சியாளராக இருக்க முடியவில்லை.

அதே பயிற்சியாளரிடம், களமிறங்க அதிகம் வாய்ப்பில்லாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்த மாணவர்கள் இருவர் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் அதிக வெற்றி பெற்ற பயிற்சியாளர் என்ற பெயரை அந்த இருவருமே அடுத்தடுத்து எடுத்தார்கள்.

அந்தப் பயிற்சியாளர்தான் கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபாரஸ்ட் ‘ஃபாக்’ ஆலன். நாளைக்கே கோப்பை வாங்கித் தரும் ஸ்டாரைத் தேடுவதா, நாலு வருஷம் பொறுத்து ஆளை உருவாக்குவதா? கல்லூரி அணிகள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்ளும் இந்தக் கேள்விக்கு, அவருடைய வாழ்க்கையே ஒரு பாடம்.

யார் இந்த ஆலன்?

1885 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். இளம் வயதில் பேஸ்பால் போட்டிகளுக்கு நடுவராக இருந்தார். அவரது கட்டைக்குரல், பனிமூட்டத்தில் கப்பல்களை எச்சரிக்க ஊதும் ‘ஃபாக் ஹார்ன்’ மாதிரி இருக்கும் என்பார்கள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான் ‘ஃபாக்’ என்ற பட்டப்பெயர்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் அவர் மாணவராகச் சேர்ந்தபோது அங்கே பயிற்சியாளராக இருந்தவர் சாதாரண ஆள் இல்லை. 1891-ல் கூடைப்பந்து விளையாட்டையே கண்டுபிடித்த ஜேம்ஸ் நைஸ்மித்! பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று தன்னைப் பயிற்சியாளராக அழைக்கிறது என்று ஆலன் சொன்னபோது நைஸ்மித் சிரித்துவிட்டாராம். இந்த விளையாட்டை விளையாடத்தான் முடியும், இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்பது அவர் எண்ணம்.

ஆனால், சொல்லிக்கொடுக்க நிறையவே இருக்கிறது என்று நம்பினார் ஆலன். 1907-ல் நைஸ்மித்தின் இடத்துக்கே பயிற்சியாளராக வந்தார். கன்சாஸ் அணியின் பயிற்சியாளர்கள் வரிசையில், வெற்றிகளைவிடத் தோல்விகள் அதிகம் வைத்திருக்கும் ஒரே ஆள் நைஸ்மித்தான் என்பது வேடிக்கையான உண்மை.

டாக்டர் ஆன பயிற்சியாளர்

இரண்டு ஆண்டுகளில் ஆலன் பயிற்சியை விட்டுவிட்டுப் படிக்கப் போனார். எலும்பு, தசைகளைக் கையால் நீவிச் சரிசெய்யும் ஆஸ்டியோபதி மருத்துவத்தில் பட்டம் பெற்றார். அதனால், அடிபட்ட வீரர்களுக்கு அவரே சிகிச்சை பார்ப்பார்.

1919-ல் மீண்டும் கன்சாஸுக்கு வந்தவர், 1956 வரை அங்கிருந்து நகரவில்லை. இரண்டு கட்டங்களையும் சேர்த்துக் கன்சாஸில் 39 சீசன்கள், 590 வெற்றிகள். மற்ற கல்லூரிகளையும் சேர்த்தால் மொத்தம் 746 வெற்றிகள். அவர் ஓய்வுபெற்ற நாளில் அதுவே சாதனை.

களத்துக்கு வெளியேயும் அவருடைய கை இருந்தது. 1927-ல், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் ‘ட்ரிபிள்’ முறையை ஒரே ஒரு தட்டோடு நிறுத்த விதி வகுப்பாளர்கள் முயன்றார்கள். பயிற்சியாளர்களைத் திரட்டி அதைத் தடுத்து நிறுத்தினார் ஆலன். அப்போது உருவானதுதான் அமெரிக்காவின் கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் சங்கம். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெற்றதற்கும் அவர் முக்கியக் காரணம். அந்தப் போட்டியை நேரில் பார்க்க நைஸ்மித்தை அனுப்பி வைக்கப் பணம் திரட்டியவர்களில் ஆலனும் ஒருவர்.

1948: ஒரு ஸ்டார், நாலு வருஷத் திட்டம்

இவ்வளவு செய்தும் ஒரு குறை இருந்தது. நாடு தழுவிய என்சிஏஏ போட்டி 1939-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே ஃபைனலுக்குப் போன கன்சாஸ், இந்தியானாவிடம் தோற்றது. கோப்பை கைக்கு வரவே இல்லை.

1948-ல் ஆலன் கண் வைத்தது க்ளைட் லவ்லெட் மீது. 6 அடி 9 அங்குல உயரம். சொந்த மாநிலமான இந்தியானாவில்தான் அவர் சேருவார் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். லவ்லெட்டுக்கு ஆஸ்துமா இருந்தது. எங்கள் பல்கலைக்கழகம் மலை மேல் இருக்கிறது, காற்று நன்றாக இருக்கும் என்று ஆலன் ஆசை காட்டியதாக ஒரு கதை உண்டு. வந்து பார்த்தால் அது மலை இல்லை, சின்னக் குன்று!

லவ்லெட்டோடு கன்சாஸின் சிறுநகரங்களைச் சேர்ந்த பையன்கள் சிலரையும் ஆலன் சேர்த்தார். அவர்களிடம் அவர் காட்டிய இலக்கு, அடுத்த வருஷக் கோப்பை இல்லை. நீங்கள் கடைசி ஆண்டு படிக்கும் 1952-ல் தேசிய சாம்பியன் ஆவோம், அதே ஆண்டு ஒலிம்பிக்குக்கும் போவோம் என்றார்.

அன்றைய விதியும் இதற்கு ஒத்துப்போனது. முதலாமாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடக் கூடாது. எவ்வளவு பெரிய ஸ்டாராக இருந்தாலும் ஒரு வருஷம் காத்திருக்கத்தான் வேண்டும். ஆக, ஸ்டாரும் சாதாரணப் பையன்களும் ஒன்றாகவே வளர்ந்தார்கள்.

நாலு வருஷம் கழித்துச் சொன்னது அப்படியே நடந்தது. 1952 ஃபைனலில் செயின்ட் ஜான்ஸ் அணியை 80-63 என்று வீழ்த்தியது கன்சாஸ். லவ்லெட் மட்டும் 33 புள்ளிகள். அந்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் கன்சாஸ் வீரர்கள் 7 பேர். உதவிப் பயிற்சியாளராக ஆலனும் இருந்தார்.

1955: கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை

அடுத்த கதை நேர் எதிர்.

பிலடெல்பியாவின் ஓவர்புரூக் பள்ளியில் 7 அடி உயரத்தில் ஒரு பையன். பெயர் வில்ட் சேம்பர்லெய்ன். 200-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் அவரைத் துரத்தின. ஆலனும் களத்தில் இறங்கினார். கன்சாஸைச் சேர்ந்த கறுப்பினப் பிரமுகர்களின் உதவியையும் நாடினார். கடைசியில் ஜெயித்தது கன்சாஸ்.

இதில் ஒரு நகைமுரண் உண்டு. உயரமானவர்கள் விளையாட்டைக் கெடுக்கிறார்கள், 10 அடியில் இருக்கும் கூடையை 12 அடிக்கு உயர்த்துங்கள் என்று பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் ஆலன். சேம்பர்லெய்ன் வந்ததும் அதைப் பற்றிக் கேட்டவர்களிடம், அப்படி ஒன்று சொன்னதாகவே ஞாபகம் இல்லையே என்று கேலியாக நழுவிவிட்டார்!

1955 மார்ச்சில் கன்சாஸில் பிரம்மாண்டமான புது அரங்கம் திறக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே அதற்கு ஆலன் பெயரைச் சூட்டினார்கள். அதே ஆண்டு நவம்பரில் அங்கே முதலாமாண்டு அணியும் முதன்மை அணியும் மோதின. சேம்பர்லெய்ன் 42 புள்ளிகள் எடுத்தார். ஜூனியர்கள் சீனியர்களை 81-71 என்று தோற்கடித்தார்கள்.

அந்த நவம்பரில்தான் ஆலனுக்கு 70 வயது நிறைந்தது. அங்கேதான் சிக்கல்.

70 வயதானால் கன்சாஸ் பல்கலைக்கழக ஊழியர்கள் ஓய்வுபெற வேண்டும் என்பது விதி. சேம்பர்லெய்னோ முதலாமாண்டு மாணவர். 1956 இறுதியில்தான் அவரால் முதன்மை அணியில் ஆட முடியும். ஒரே ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தார் ஆலன். நிர்வாகம் மறுத்துவிட்டது. ஒரு விதி வீரரைக் காக்க வைத்தது. இன்னொரு விதி பயிற்சியாளரை வெளியே அனுப்பியது.

ஆலனின் உதவியாளராக இருந்த டிக் ஹார்ப் பயிற்சியாளர் ஆனார். ஆலனுக்காகவே கன்சாஸ் வந்த சேம்பர்லெய்னுக்கு இது பெரிய ஏமாற்றம்.

1957 ஃபைனலில் என்ன நடந்தது?

முதன்மை அணிக்கான முதல் போட்டியிலேயே 52 புள்ளிகள் எடுத்து மிரட்டினார் சேம்பர்லெய்ன். கன்சாஸ் ஃபைனலுக்கும் போனது. எதிரே, அந்த சீசனில் ஒரு தோல்விகூட காணாத வட கரோலினா. மூன்று முறை கூடுதல் நேரம் கொடுக்க வேண்டியிருந்த அந்தப் போட்டியில், 54-53 என்று ஒரே ஒரு புள்ளியில் கோப்பை கைநழுவியது. தொடரின் சிறந்த வீரர் விருது மட்டும் சேம்பர்லெய்னுக்கு.

அடுத்த ஆண்டு என்சிஏஏ போட்டிக்கே கன்சாஸ் தகுதி பெறவில்லை. 1958-ல், படிப்பை முடிக்காமலே, ஹார்லெம் குளோப்ட்ராட்டர்ஸ் குழுவில் சேரக் கிளம்பிவிட்டார் சேம்பர்லெய்ன். கிளப் ஆதரவாளர்கள் அவருக்குக் கார் கொடுத்த விவகாரத்தில், 1960-ல் என்சிஏஏ நடவடிக்கைக்கும் கன்சாஸ் ஆளானது. உலகமே தேடிய வீரர் வந்தும், அவர் காலத்தில் தேசியக் கோப்பை வரவில்லை, தண்டனைதான் மிச்சம்.

அந்த பெஞ்ச் பையன்கள் யார்?

ஆலனின் இன்னொரு முகம் இங்கேதான் தெரியும்.

- அடால்ஃப் ரப்: 1920-களின் தொடக்கத்தில் ஆலன் அணியில் ரிசர்வ் வீரர். 1930 முதல் 1972 வரை கென்டக்கி பயிற்சியாளர். 4 தேசியக் கோப்பைகள், 876 வெற்றிகள். குரு ஆலனின் சாதனையைத் தாண்டியவர் இந்த சிஷ்யர்தான்.

- டீன் ஸ்மித்: 1952 சாம்பியன் அணியில் இருந்தும் அதிகம் களமிறங்காதவர். 1957-ல் கன்சாஸை வீழ்த்திய அதே வட கரோலினா, அடுத்த ஆண்டு இவரை உதவிப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. 1961-ல் தலைமைப் பயிற்சியாளர். 1982, 1993 என இரண்டு தேசியக் கோப்பைகள். 1997-ல் ரப்பின் சாதனையை முறியடித்து 879 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார்.

- ரால்ஃப் மில்லர்: ஆலனிடம் ஆடியவர். விச்சிட்டா, அயோவா, ஓரிகன் ஸ்டேட் கல்லூரிகளில் பயிற்சியாளராகி, ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவம் பெற்றார்.

ஆட வாய்ப்பில்லாதவனும் பயிற்சியில் முழுதாகப் பங்கெடுத்தான் என்பதற்கு இவர்கள்தான் சாட்சி. ஆட்டத்தை வெளியிலிருந்து பார்த்தே படித்தவர்கள் இவர்கள்.

கறை ஒன்றும் உண்டு

ஆனால் கன்சாஸில் எல்லோருக்கும் அந்த பெஞ்ச்கூட கிடைக்கவில்லை. 1930-களில் அங்கே உடற்கல்வி படித்தவர் ஜான் மெக்லெண்டன். நைஸ்மித்தே அவருக்கு வழிகாட்டி. ஆனாலும் கறுப்பினத்தவர் என்பதால் ஆலனின் அணியில் அவருக்கு இடமில்லை. கன்சாஸ் அணியில் முதல் கறுப்பின வீரர் ஆடியதே 1950-களின் தொடக்கத்தில்தான்.

மெக்லெண்டன் ஓயவில்லை. கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரிகளில் பயிற்சியாளர் ஆனார். 1957 மார்ச்சில் கன்சாஸ் தோற்ற ஃபைனல் நடந்தது கன்சாஸ் சிட்டி நகரில். அதே மாதம், அதே நகரில், சிறிய கல்லூரிகளுக்கான என்ஏஐஏ கோப்பையை வென்றது மெக்லெண்டனின் டென்னசி ஸ்டேட் அணி. 1958, 1959 என அடுத்த இரண்டு ஆண்டுகளும் அவர்களேதான் சாம்பியன். ஆளை உருவாக்குவதில் பேர்போன ஒரு இடம், வாசலிலேயே யாரைத் தவறவிட்டது என்பதற்கு இது கணக்கு.

ஆலன் போன பிறகு...

1974 செப்டம்பர் 16 அன்று, 88 வயதில், கன்சாஸின் லாரன்ஸ் நகரில் ஆலன் காலமானார். 1952-க்குப் பிறகு கன்சாஸ் அடுத்த தேசியக் கோப்பையைத் தொட 1988 வரை காத்திருந்தது. அப்போது பயிற்சியாளர் லாரி பிரவுன். அவர் வட கரோலினாவில் யாரிடம் ஆடியவர் தெரியுமா? டீன் ஸ்மித்திடம்! பிரவுனுக்குப் பிறகு வந்த ராய் வில்லியம்ஸும் ஸ்மித்தின் உதவியாளராக இருந்தவர்தான். பெஞ்ச் பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது, 36 வருஷம் சுற்றி அதே கன்சாஸுக்குத் திரும்பி வந்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

முதலாமாண்டு மாணவர்களும் ஆடலாம் என்று 1972-ல் விதி மாறியது. 2006 முதல், பள்ளி முடித்து ஓராண்டு ஆனால்தான் என்பிஏ-வில் சேர முடியும். இதனால் ஒரே ஒரு வருஷம் கல்லூரியில் ஆடிவிட்டுக் கிளம்பும் ஸ்டார்கள் பெருகினார்கள். இது பலித்ததும் உண்டு. முதலாமாண்டு வீரர் அந்தோணி டேவிஸை நம்பி 2012-ல் கென்டக்கி கோப்பை வென்றது. 2021 முதல் மாணவர்கள் தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், ஓராண்டு காத்திருக்காமல் கல்லூரியும் மாறலாம். இன்று பயிற்சியளித்த பையன் நாளை எதிரணியில் நிற்கக்கூடும். அப்படியிருக்க, பெஞ்சில் இருப்பவனுக்கு எதற்கு நேரம் செலவழிக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் யோசிப்பது இயல்புதான்.

ஆனால் ஸ்டாரை எடுத்தால் போதும் என்பதற்கோ, ஸ்டாரே வேண்டாம் என்பதற்கோ ஆலனின் வாழ்க்கையில் ஆதாரம் இல்லை. லவ்லெட் இல்லாமல் 1952 இல்லை. ஆனால் லவ்லெட்டைச் சுற்றி நாலு வருஷம் சேர்ந்து வளர்ந்த பையன்கள் இருந்தார்கள். ஸ்டாரின் காலம் ஒரு விதியாலோ ஒரு புள்ளியாலோ முடிந்துபோகும். சொல்லிக்கொடுத்தது அப்படி முடிவதில்லை.

2022 ஃபைனலில் கன்சாஸும் வட கரோலினாவும் மீண்டும் மோதின. இம்முறை 72-69 என்று வென்றது கன்சாஸ். இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் ஓச்சாய் அக்பாஜி. கன்சாஸில் சேர்ந்தபோது அவரைப் பெரிய ஸ்டார் என்று யாரும் சொல்லவில்லை. முதல் ஆண்டு முழுக்க ஆட வைக்காமல் தயார்படுத்தத்தான் முதலில் திட்டம் இருந்தது. கோப்பையைத் தூக்கியபோது அது அவருக்கு நான்காவது ஆண்டு.