பேராதனையில் 31 ஆண்டுகள்

இக்காலத்தில் ஒரு விஞ்ஞானியின் பெறுமதியை எண்ணித்தான் பார்க்கிறார்கள். எத்தனை கட்டுரை எழுதினார், மற்றவர்கள் அவற்றை எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கு. பல்கலைக்கழகத்தில் படிக்கும் உங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். இந்த அளவுகோலை நம் அயலில் வாழ்ந்து மறைந்த ஒருவர் மீது வைத்துப் பார்ப்போம்.

மடவளையிலிருந்து கட்டுகஸ்தோட்டை, கண்டி வழியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேராதனைப் பூங்காவுக்குப் போயிருப்பீர்கள். 1849 முதல் 1880 வரை அதற்குப் பொறுப்பாயிருந்தவர் ஜோர்ஜ் ஹென்றி கென்ட்றிக் துவெயிற்ஸ். இங்கிலாந்திலே பிரிஸ்டல் நகரில் 1812இல் பிறந்தார். முதலில் கணக்காளர்; ஓய்வு நேரத்தில் நுணுக்குக்காட்டியும் கையுமாக இருந்து, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் இனப்பெருக்கத்தைக் கண்டறிந்து பெயர் பெற்றார். பேராதனையின் அத்தியட்சகர் கார்ட்னர் 1849இல் திடீரென இறந்துவிடவே, அந்த இடத்துக்கு வந்தார். வந்தவர் பிறகு இத்தீவை விட்டு ஒருபோதும் வெளியேறவில்லை.

அவருடைய பெரிய நூல் ஒன்றே ஒன்று. இலங்கைத் தாவரங்களின் விவரப் பட்டியலான அது, 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. கியூ பூங்காவின் ஜோசப் ஹூக்கர் அதற்கு உதவினார். அடுத்த ஆண்டே இலண்டன் றோயல் சங்கம் துவெயிற்ஸை உறுப்பினராக்கிற்று. ஒரு செடிக்கு முதன்முதல் முறைப்படி பெயரிட்டவரின் பெயர், தாவர நூல்களில் அச்செடியின் இலத்தீன் பெயருக்குப் பின்னால் நிற்கும். இலங்கையைத் தவிர வேறெங்கும் வளராத ஸ்டெமனோபோரஸ் என்ற மரக் குலத்தை எங்கே குறிப்பிட்டாலும், பக்கத்தில் துவெயிற்ஸ் என்ற பெயரும் வந்துவிடும். இப்படிப்பட்ட மேற்கோளுக்கு முடிவேது!

நூலோடு நிற்கவில்லை. காய்ந்த செடிகளுக்கு இலக்கமிட்டுத் தொகுதி தொகுதியாக வெளிநாட்டு நிலையங்களுக்கு அனுப்பினார். இதில் ஒரு குறையும் உண்டு. வெவ்வேறு இடங்களில் பறித்தவற்றையும், கார்ட்னர் முன்னரே சேர்த்தவற்றையும் ஒரே இலக்கத்தின் கீழ் சேர்த்துவிட்டபடியால், பின்வந்தோர் அவற்றைப் பிரித்தறியத் திண்டாடினார்கள். ஆயினும், அடுத்து வந்த ஹென்றி ட்ரைமன் 1885இல் வெளியிட்ட இலங்கைத் தாவரப் பட்டியலின் தலைப்பிலேயே, துவெயிற்ஸ் நூலுக்கான குறிப்புகளுடன் என்று போட்டார். ஓர் ஆய்வாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் நம் மக்களின் வாழ்வைத் தொட்டது அவருடைய நூலன்று, ஓர் இலை. 1869இல் மடுல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்து இலைகளில் செம்மஞ்சள் பொடி படிந்திருந்தது. அது பேராதனைக்கு வந்தது. துவெயிற்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பூஞ்சைகளை ஆராய்வதில் பேர்போன அங்கிலிக்கன் குருவானவர் மைல்ஸ் ஜோசப் பார்க்லி அவ்வாண்டே அதற்கு ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்று பெயரிட்டார். இரண்டாவது சொல்லுக்குப் பாழாக்குவது என்று பொருள். அப்போது ஆண்டுக்குப் பத்துக் கோடி இறாத்தல் கோப்பி ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது. இருபது ஆண்டுகளில் அந்தத் தொழில் சரிந்து, மலைச்சரிவுகளில் தேயிலை ஏறிற்று. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த கோப்பித் தொழிலாளரின் பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து லயன்களில் நிலைகொண்ட கதை உங்களுக்குத் தெரிந்ததே. அந்த நோயை இன்றும் உலகெங்கும் ஆராய்கிறார்கள். அவர்கள் எழுதும் பெயருக்குப் பின்னால் நிற்பவர்கள் பார்க்லியும் அவருடைய கூட்டாளி புறூமும்தான். இலையை அனுப்பியவர் பெயர் அங்கே இல்லை.

மலேரியாவுக்கு மருந்தான சின்கோனாவை ஹக்கலையில் நட்டதும், 1876இல் கியூவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகளைக் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் வளர்ப்பித்ததும் அவர் காலத்திலேதான். 1882 செப்ரெம்பர் 11ஆந் திகதி கண்டியில் காலமானார்.

இன்னும் ஒரு குடும்பத்தைச் சொல்லாமல் விடலாகாது. ஹர்மானிஸ் த அல்விஸ் என்னும் சிங்களவர் 1823 முதல் 38 வருடங்கள் பேராதனையில் செடிகளைப் படமாக வரைந்தார். பின் அவர் மக்கள் வில்லியமும் ஜோர்ஜும் வரைந்தார்கள். காடேறிச் செடி பறித்த கையாட்களின் பெயர்களோ இலக்கங்களுக்குப் பின்னால் மறைந்துபோயின. ஆனால் 1873இல் பார்க்லியும் புறூமும், துவெயிற்ஸ் அனுப்பியவற்றில் கண்ட பூஞ்சை போன்ற ஒரு சிற்றுயிர்க் குலத்துக்கு அல்விசியா என்று பெயர் வைத்தார்கள். நடுவில் அது வேறொரு குலத்தோடு சேர்க்கப்பட்டிருந்தது. 2014இல் ஆய்வாளர்கள் அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள்.