சரணடைந்த தளபதி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1883ஆம் ஆண்டு பிறந்த ஜொனாதன் வெயின்ரைட், வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் பயின்று, 1906இல் குதிரைப்படை அதிகாரியானார். முதல் உலகப்போரின்போது பிரான்சில் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை பிலிப்பைன்ஸைத் தாக்கியது. 1942 மார்ச்சில் தளபதி மெக்கார்தர் மேலிட ஆணைப்படி ஆஸ்திரேலியா செல்லவே, தலைமைப் பொறுப்பு வெயின்ரைட்டைச் சேர்ந்தது. ஏப்ரல் 9இல் படான் வீழ்ந்தது. கொரெஹிடோர் தீவில் எஞ்சிய படையினர் உணவும் மருந்தும் குன்றிய நிலையிலும் ஏறத்தாழ ஒரு திங்கள் போராடினர். சுரங்க மருத்துவமனையில் காயமுற்றோர் நிறைந்திருந்தனர். மேலும் போரிடுவது அவர்களைப் பலியிடுவதாகவே முடியும் என்றுணர்ந்த அவர், மே 6இல் சரணடைந்தார்.

தைவானிலும் மஞ்சூரியாவிலும் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டிருந்தார். பசியைவிட, தாய்நாடு தம்மைப் பழிக்குமோ என்னும் எண்ணமே அவரை வாட்டியது. 1942இல் அவருக்கு உயரிய விருது வழங்கப் பரிந்துரை எழுந்தபோது, மெக்கார்தரின் எதிர்ப்பால் அது கைவிடப்பட்டது.

1945 ஆகஸ்டில் உடல் மெலிந்தவராய் விடுதலை பெற்றார். செப்டம்பர் 2இல் மிசௌரி போர்க்கப்பலில் ஜப்பானின் சரண் ஆவணத்தில் கையொப்பமிட்ட மெக்கார்தர், தம் எழுதுகோல்களுள் முதலாவதை வெயின்ரைட்டுக்கே அளித்தார். செப்டம்பர் 10இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன், நாட்டின் தலையாய வீரவிருதான மாண்புப் பதக்கத்தை அவருக்குச் சூட்டினார். போர்முனையில் வீரர்களுடன் நின்று வழிநடத்தியமைக்கே அவ்விருது வழங்கப்பட்டது. தோல்வியிலும் கடமை தவறாத அவர், 1953 செப்டம்பர் 2இல் மறைந்தார்.