ஐதரின் அவைக்குச் சென்ற பாதிரியார்

எடப்பாடியிலிருந்து சங்ககிரி நோக்கிச் செல்வோர் கண்ணில் படும் மலைக்கோட்டை, ஐதர் அலியின் காலத்தில் மைசூரின் காவல் அரண். 1768-இல் கம்பெனிப் படை இந்தச் சமவெளிக்குள் நுழைந்து ஊர்களைப் பிடித்தது. சில மாதங்களில் ஐதர் அவற்றை மீட்டுக்கொண்டார். 1792 உடன்படிக்கை வரை சேலமும் நாமக்கல்லும் மைசூர்ச் சீமையாகவே இருந்தன. தெற்கே கரூர் அந்தச் சீமையின் எல்லை ஊர். 1779 ஜூலையில் அந்த எல்லையில் ஒரு பாதிரியார் வந்து நின்றார். உள்ளே செல்ல ஐதரின் அனுமதி கிடைக்க ஏறத்தாழ ஒரு மாதம் காத்திருந்தார்.

அவர் பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் தம் குருமாரை அழைக்கும் வழக்கப்படி, அவர்களுக்குச் சுவார்ட்ஸ் ஐயர். 1726-இல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஹாலே நகரில் மாணவராக இருந்தபோதே தமிழ் எழுத்துகளைக் கற்றார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர், பிறகு தாய்நாட்டைக் காணவேயில்லை. மணமும் செய்துகொள்ளவில்லை. 1762 முதல் திருச்சிராப்பள்ளியிலும் 1778 முதல் தஞ்சையிலும் ஊழியம் செய்தார். இரண்டும் படைமுகாம் ஊர்கள். காலையில் தமிழில் ஏழைகளுக்கும், பின்னர் ஆங்கிலத்தில் சிப்பாய்களுக்கும் பிரசங்கம் செய்வது அவர் வழக்கம். 1764-இல் மதுரை முற்றுகையில் காயமுற்றோரைப் பேணியதும் இந்தப் பணியின் தொடர்ச்சியே.

சென்னை ஆளுநர் ரம்போல்டு அவரைத் தூதுக்குத் தேர்ந்ததற்குக் காரணங்கள் இரண்டு. இந்துஸ்தானி தெரிந்தவர் என்பதால் மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. கையூட்டு வாங்க மாட்டார் என்பது மற்றொன்று. அன்றைய கம்பெனி அலுவலர்களிடையே இரண்டாவது தகுதி அரிதினும் அரிது.

காவிரிக்கரையோடு மேற்கே சென்று, சத்தியமங்கலம் வழியாகக் கெஜ்ஜலஹட்டிக் கணவாய் ஏறி, ஆகஸ்டு இறுதியில் அவர் சீரங்கப்பட்டணத்தை அடைந்தார். ஐதர் அவரைத் தமக்கருகே கம்பளத்தில் அமர்த்திப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த மன்னர், வந்த கடிதங்களைக் கேட்டுக்கொண்டே விடைகளைச் சொல்லி எழுதச் செய்த வேகம் சுவார்ட்ஸை வியக்கவைத்தது. சாட்டையோடு நின்ற தண்டனை ஆட்களையும் அவர் குறித்துவைக்கத் தவறவில்லை. ஐதரின் படையில் பணியாற்றிய ஐரோப்பியர் சிலருக்குக் கோட்டைப்புறத்தில் ஞாயிறுதோறும் வழிபாடு நடத்தினார். எவரும் தடுக்கவில்லை. பகைவரின் தலைநகரில் அமைதி பற்றி ஒரு பாதிரியார் தடையின்றிப் பேச முடிந்தது என்பதை நம் வரலாற்று நூல்கள் அதிகம் சொல்வதில்லை.

ஆனால் அவர் கொண்டுசென்ற செய்தி பொய்த்தது. அதே ஆண்டு மார்ச்சில், ஐதரின் எச்சரிக்கையை மீறிக் கம்பெனி மாஹேயைப் பிடித்திருந்தது. 1769 உடன்படிக்கையில் வாக்களித்த படை உதவியும் மராத்தியர் தாக்கியபோது வரவில்லை. ஐதர் இவற்றையெல்லாம் அடுக்கிக் கடிதம் எழுதித் தூதரிடமே கொடுத்தனுப்பினார். தூதரை நம்பினார்; அவரை அனுப்பியவர்களை நம்பவில்லை. வழிச்செலவுக்கென அளித்த முந்நூறு ரூபாயைச் சுவார்ட்ஸ் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவரே வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பி வந்த பணத்தைத் தஞ்சையில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு ஒதுக்கினார். தம் நேர்மையை, அதற்குத் தகுதியற்ற ஓர் அரசுக்கு இரவல் கொடுத்தார் என்ற குறையை இந்த இடத்தில் அவர்மீது சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

1780 ஜூலையில் போர் மூண்டது. தஞ்சைச் சீமையின் வயல்கள் பாழாயின; தெருக்களில் பிணங்கள் கிடந்தன. கோட்டைக்குள் தானியம் இல்லை. வெளியே தானியம் இருந்தும் அதைக் கொண்டுவர மாடுகள் இல்லை. முன்பு மாடு கொடுத்தவர்களுக்குக் கூலி கிடைக்காததால் எவரும் தர முன்வரவில்லை. அரசரும் அதிகாரிகளும் அனுப்பிய ஆணைகள் பயன்படாத நிலையில், சுவார்ட்ஸ் ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். ஒவ்வொரு மாட்டுக்கும் தம் கையாலேயே கூலி தருவதாக உறுதியளித்தார். இரண்டொரு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்தன. உபதேசியாரும் சபையாரும் உயிரைப் பணயம் வைத்து எண்பதாயிரம் கலம் தானியத்தைக் கோட்டைக்குள் சேர்த்தனர். தாம் முன்கூட்டியே வாங்கிவைத்த அரிசியால் நாள்தோறும் ஏழைகளுக்கு உணவளித்தார். போரிலும் வரிக்கொடுமையிலும் ஓடிப்போன குடியானவர்கள், அரசரின் அழைப்பை நம்பாமல் இவருடைய கடிதத்தை நம்பித் திரும்பினர். ஒரே நாளில் ஏழாயிரம் பேர். விதைப்புப் பருவம் கடந்துகொண்டிருந்தது. இரவும் பகலும் உழைத்து அவர்கள் அதை ஈடுசெய்தனர்.

அவரைத் தடையின்றி நடமாட விடுமாறு ஐதர் தம் படைத்தலைவர்களுக்கு ஆணையிட்டிருந்தார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். ஐதருக்குப் பின் திப்புவிடம் அந்த வாயில் திறக்கவில்லை. 1783-இல் இரண்டாம் முறை தூது புறப்பட்டவர் சத்தியமங்கலத்தோடு தடுக்கப்பட்டுத் திரும்பினார்.

தஞ்சை அரசர் துளஜாஜி இறக்கும் தறுவாயில் தம் தத்துப்பிள்ளை சரபோஜியை அவரிடம் ஒப்படைத்தார். பிற்காலத்தில் கிறித்தவக் கவிஞராகப் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியாரைத் திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் அழைத்துவந்து கற்பித்தவரும் இவரே. 1798 பிப்ரவரி 13-இல் தஞ்சையில் காலமானார். அடக்கத்துக்கு முன் முகத்தைக் காண வந்த சரபோஜி கண்ணீர்விட்டார். கல்லறைக் கல்லுக்கு ஆங்கிலத்தில் தாமே கவிதை எழுதினார். இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்குச் சிற்பமும் செய்வித்தார். சிவகங்கைக் குளத்தருகே உள்ள தேவாலயத்தில் அதை இன்றும் காணலாம். படுக்கையில் முதியவர், அவர் கையைப் பற்றியபடி இளவரசர். அந்த இளவரசர் அரியணையேறிய மறு ஆண்டே, 1799-இல், தஞ்சையின் ஆட்சி உடன்படிக்கை வழியாகக் கம்பெனியின் கைக்குப் போனது.