பொய் சொல்ல அஞ்சிய ஒற்றர்

நூர் இனாயத் கான் அம்மையார் 1914ம் வருடம் மாஸ்கோ நகரில் பிறந்தவர். தந்தையார் பரோடாவைச் சேர்ந்த சங்கீத வித்துவான், சூஃபி மார்க்க போதகர்; திப்பு சுல்தானின் வமிசத்தில் வந்தவர். தாயார் அமெரிக்க மாது. குடும்பம் பாரிசுக்கு அடுத்த சுரேன் என்னும் ஊரில் வாழ்ந்தது. 1927ல் தந்தை இறந்தார். தாயார் துக்கத்தில் ஆழ்ந்துபோகவே, மூத்தவளாகிய நூர் தம்பி தங்கையரைத் தாய்போல் பராமரித்தார். புத்த ஜாதகக் கதைகளைச் சிறுவர்களுக்காக எழுதி 1939ல் வெளியிட்டார். பொய் பெரும் பாவம் என்று கற்று வளர்ந்தவர். இப்பேர்ப்பட்ட பெண்ணை யுத்தம் ஒற்றராக்கிற்று!

1940ல் பிரான்சு வீழ்ந்ததும் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பியோடியது. அங்கே நூர் விமானப் படையின் பெண்கள் பிரிவில் சேர்ந்து கம்பியில்லாத் தந்தி கற்றார். 1943ல் இரகசியச் சேவைக்குத் தெரிந்துகொள்ளப்பட்டார். ஒத்திகைக்காகப் பிரிஸ்டல் நகருக்கு அவரை அனுப்பி, தந்திப்பெட்டி வைக்கத் தோதான அறையை யாருக்கும் சந்தேகம் வராமல் தேடச் சொன்னார்கள். பயிற்றுவித்தவர்களில் சிலர் இவர் வேவுக்கு ஏற்றவரல்ல என்று எழுதிவைத்தார்கள்.

அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்வைக்குச் சாதாரணப் பிரயாணப் பெட்டி. கனம் சுமார் 15 கிலோ. அதன் சக்தியோ ஒரு சிறு மின்விளக்கின் சக்திதான். ஆனாலும் சிற்றலை வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்புவதால், பாரிசில் தட்டிய ஓசை சுமார் 400 கிலோமீட்டர் தாண்டி இங்கிலாந்தின் கிரெண்டன் அண்டர்வுட் நிலையத்தில் கேட்டது. அங்கே பெண்கள் காதுக் கருவி மாட்டிக் காத்திருப்பார்கள். ஆளுக்கு ஆள் கையெழுத்து மாறுவதுபோலத் தட்டும் கையும் மாறும். அதைப் புறப்படுமுன்பே பதிவு செய்துகொள்வார்கள். ஆனால் நண்பனுக்குக் கேட்பது பகைவனுக்கும் கேட்குமே! திசை காட்டும் கருவிகளோடு ஜெர்மானிய வண்டிகள் தெருக்களில் சுற்றின. அதிக நேரம் தட்டினால் அகப்பட வேண்டியதுதான்.

1943 ஜூன் நடுவில் இரவோடிரவாகச் சிறு விமானத்தில் பிரான்சில் இறங்கினார். சில தினங்களுக்குள் கூட்டாளிகள் வரிசையாகப் பிடிபட்டார்கள். திரும்பி வந்துவிடும்படி லண்டன் அழைத்தும் அவர் இணங்கவில்லை. பெட்டியைச் சுமந்து வீடு வீடாக மாறி, ஏறக்குறைய நாலு மாதம் செய்தி அனுப்பினார். அக்டோபரில் பணத்துக்காக ஒருவர் காட்டிக்கொடுத்தார்.

விசாரணையில் அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இரண்டு முறை தப்பப் பார்த்தார். ஆயினும் அனுப்பிய செய்திகளின் நகல்களை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தார். அது பகைவர் கையில் சிக்கியது. கட்டளையைத் தவறாக விளங்கிக்கொண்டார் என்பார்கள். அப்படியானால் குற்றத்தில் பாதி, தெளிவாகச் சொல்லாதவர்களுடையது. அவருடைய பெட்டியைக்கொண்டே ஜெர்மானியர் அவர் பேரில் லண்டனுக்குச் செய்தி அனுப்பினார்கள். லண்டன் நம்பிற்று! 1944 பிப்ரவரி கடைசியில் அந்தப் பொய்ச் செய்தியை நம்பிப் பாராசூட்டில் குதித்தவர்களைப் பகைவரே எதிர்கொண்டு பிடித்தார்கள். லில் நகரத்துத் தபாலதிபரின் மகள் மதலேன் தமர்மான் அவர்களில் ஒருவர்.

நூர் பல மாதங்கள் ஃபோர்ட்ஸ்ஹைம் சிறையில் விலங்கிடப்பட்டுத் தனியே கிடந்தார். 1944 செப்டம்பர் 13ந் தேதி டாஹௌ முகாமில் நாலு பெண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நூர் ஒருவர், மதலேன் மற்றொருவர். நூருக்கு வயது முப்பது. 1949ல் பிரிட்டிஷ் அரசாங்கம் அவருக்கு ஜார்ஜ் சிலுவை என்னும் விருதை அளித்தது.